அணைத்த பின்னும் ஓடும் மின்சாரம்

முன்னாளில் நம் இல்லங்களில் இருந்த வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசையுடன் பெட்டிக்குள் செல்லும் மின்னோட்டம் அறவே நின்றுவிடும். அணைத்தல் என்பதற்கு அன்று இருந்த பொருள் அதுவே. இன்று தொலைக்காட்சியின் எதிரில் அமர்ந்து, கையிலுள்ள ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறோம். திரை இருள்கிறது; ஒலி நிற்கிறது; பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. நாம் அணைத்துவிட்டதாக எண்ணி உறங்கச் செல்கிறோம். பெட்டி உறங்குவதில்லை. மறுபடியும் எப்பொழுது அழைப்பார்கள் என்று செவி சாய்த்துக் காத்திருக்கிறது. காத்திருப்பதற்கும் அதற்கு மின்சாரம் வேண்டும்.

இவ்வாறு ஒரு கருவி தனக்குரிய வேலையைச் செய்யாதிருக்கும்பொழுதும் உட்கொள்ளும் மின்சாரத்தைக் காத்திருப்பு மின்செலவு என்று இக்கட்டுரையில் குறிப்போம். இதனை விளக்குவதும், தம் இல்லத்தில் அது எவ்வளவு என்பதை அன்பர்கள் தாமே அளந்து காண வழி சொல்லுவதுமே இப்பாடத்தின் நோக்கம். பள்ளியில் பயிலும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு படித்தால் நலம். கணக்குகள் எட்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடியவையே.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடைய மாறுமின்சாரம். ரிமோட்டின் சைகையை ஏற்கும் கண், நேரங்காட்டும் எண்கள், பொத்தானைத் தொட்டவுடன் விழித்தெழும் மின்னணுச் சில்லு ஆகியவை 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற சிறிய நேர்மின்சாரத்தில் இயங்குவன. பெரியதைச் சிறியதாக மாற்ற ஒவ்வொரு கருவியினுள்ளும் ஒரு மாற்றி அமைந்துள்ளது. சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கும்வரை அந்த மாற்றி வேலை செய்துகொண்டேயிருக்கும். பழைய வகை மாற்றிகளில் இரும்புத் தகடுகளின்மேல் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அவை கனமாக இருக்கும். தொட்டால் சூடாகவும் இருக்கும். அந்தச் சூடு நாம் பணம் கொடுத்து வாங்கிய மின்சாரமே. தற்கால மாற்றிகள் இலேசானவை, இழப்பும் குறைவு.

ஒரு வாட் என்பது மிகச் சிறிய அளவு. ஆயினும் காத்திருப்புக்கு ஓய்வு கிடையாது. ஒரு வாட் இடைவிடாது ஓடினால் ஒரு நாளைக்கு 24 வாட்-மணி; 60 நாளில் 1,440 வாட்-மணி, அதாவது 1.44 யூனிட். ஓராண்டில் 8.76 யூனிட். இந்த 1.44 என்னும் எண்ணை நினைவிற் கொள்ளுக. இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் வழக்கத்தில், எத்தனை வாட் வீணே ஓடுகிறதோ அதனை 1.44 ஆல் பெருக்கினால் அட்டையில் ஏறும் யூனிட் கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் ஒரு சுற்று

இப்பொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கைப்பேசிச் சார்ஜரில் தொடங்குவர். கைப்பேசியைக் கழற்றிய பின் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிடுவது பெருங்குற்றம்போல் சொல்லப்படும். உண்மையில் இக்காலச் சார்ஜர் வெறுமனே இருக்கும்பொழுது உண்பது ஒரு வாட்டில் சிறு பங்கே. வீட்டிலுள்ள சார்ஜர் அனைத்தையும் கழற்றினாலும் இரு மாதத்தில் ஓரிரு யூனிட்டுக்கு மேல் மிஞ்சாது. சிறிய திருடனைத் துரத்திக்கொண்டு ஓடுகையில் பெரியவன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறான் என்பதை நாம் கவனிப்பதில்லை.

அந்தப் பெரியவன் செட்டாப் பெட்டி. தொலைக்காட்சியின் அடியில் அடக்கமாக இருக்கும் இப்பெட்டி, குறிப்பாகப் பழைய வகைகள், படம் காட்டும்பொழுதும் காட்டாதபொழுதும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தை, எட்டு முதல் பதினைந்து வாட் வரை, உண்கின்றன. ரிமோட்டால் அணைத்தால் அதன் விளக்கு நிறம் மாறுகிறதே தவிர உள்ளே வேலை நிற்பதில்லை. கையால் தொட்டுப் பார்த்தால் நள்ளிரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். நாளில் நான்கு மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் இல்லத்தில் எஞ்சிய இருபது மணி நேரமும் அது யாருக்கும் பயனின்றி எரிகிறது. பத்து வாட் என்று கொண்டாலும் அந்த இருபது மணி நேரத்துக்கு மட்டும் இரு மாதத்தில் 12 யூனிட்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை அண்மைக்காலப் பெட்டிகள் காத்திருப்பில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே உண்பன. ஆனால் இணைய இணைப்புள்ள தொலைக்காட்சிகளில் ‘விரைவுத் தொடக்கம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. பொத்தானை அழுத்திய நொடியிலேயே படம் வரவேண்டும் என்பதற்காக உள்ளிருக்கும் கணினி பாதி விழிப்பில் வைக்கப்பட்டிருக்கும். அது பத்து வாட்டுக்கு மேலும் செல்லக்கூடும். அமைப்புப் பக்கத்திற்குச் சென்று அதனை நீக்கிவிட்டால் படம் வர அரை நிமிடம் தாமதமாகும், அவ்வளவே.

குளிரூட்டியின் பக்கத்தில் சுவரில் மாட்டப்பட்டுள்ள ஸ்டெபிலைசர் அடுத்தது. குளிரூட்டியை ரிமோட்டால் அணைத்துவிட்டு ஸ்டெபிலைசரை விட்டுவிடுவது எல்லா இல்லங்களிலும் காணும் காட்சி. அதனுள் இருப்பது கனத்த இரும்பு மாற்றி. வெறுமனே இருக்கும்பொழுதும் ஐந்து முதல் பதினைந்து வாட் வரை சூடாக்கிக்கொண்டிருக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் குளிரூட்டியை எவரும் தொடுவதில்லை. ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கு மட்டும் மூன்று மாதமும் அணையாமல் எரியும்.

இன்வெர்ட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இக்கருவி ஆடம்பரத்துக்காக வந்ததன்று. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நினைவே வீடுதோறும் மின்கலத்தைக் கொண்டுவந்து வைத்தது. மின்வெட்டு இல்லாத நாளிலும் மின்கலத்தை நிறைந்த நிலையில் வைத்திருக்க இன்வெர்ட்டர் தொடர்ந்து மின்சாரம் எடுத்துக்கொண்டேயிருக்கும். கருவியின் அமைப்பையும் மின்கலத்தின் வயதையும் பொறுத்துப் பதினைந்து முதல் முப்பது வாட் வரை ஆகக்கூடும். பழைய மின்கலமாயின் இன்னும் மிகுதி. இதற்காக அதனை அணைத்து வைக்கலாமா என்றால், கூடாது. ஈயம்-அமில மின்கலம் நிறைவிக்கப்படாமல் நெடுநாள் கிடந்தால் கெட்டுவிடும். மிச்சப்படுத்திய மின்சாரத்தைப்போல் பன்மடங்கு பணம் புதிய மின்கலத்துக்குச் செலவாகும். நீர் அளவைப் பார்ப்பதும், முனைகளில் பூத்த உப்பைத் துடைப்பதும், ஆயுள் முடிந்த மின்கலத்தைக் காலத்தில் மாற்றுவதுமே இங்கே செய்யத்தக்கவை. தேவைக்குமேல் பெரிய இன்வெர்ட்டரை வாங்காதிருப்பது முதற்கண் செய்யத்தக்கது.

வெந்நீர்க் கொதிகலனுக்கு மின்னணுக் கண் எதுவும் இல்லை; எனினும் காத்திருப்பில் அதற்கு நிகர் வேறில்லை. காலையில் ஐந்து மணிக்குப் போட்ட சுவிட்சை அணைக்க மறந்தால், தொட்டியிலுள்ள நீர் ஆறும்தோறும் கருவி தானே விழித்து மீண்டும் சூடாக்கும். யாரும் குளிக்காத நாளிலும் அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை இவ்வாறு கரையும். நட்சத்திரக் குறியுள்ள கொதிகலன்களின் ஒட்டுச்சீட்டில் இந்த இழப்பு 24 மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அச்சிட்டே இருக்கும். வாங்கும்பொழுது விலைச்சீட்டுடன் அதனையும் படித்துப் பார்க்கலாம். கடலோரத்தில் வாழும் நமக்கு வெந்நீர் தேவைப்படும் மாதங்கள் மிகச் சில.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். துணி துவைக்கும் இயந்திரம், நுண்ணலை அடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்பான், சுவரிலேயே செருகிக் கிடக்கும் அவசர விளக்கு ஆகியவை ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று வாட். இணைய ரௌட்டர் ஆறு முதல் பத்து வாட். அது பகலெல்லாம் வேலை செய்கிறது, இரவில் வீடு முழுவதும் உறங்கும் ஏழு மணி நேரம் அதற்கும் ஓய்வு கொடுக்கலாம்.

எல்லாம் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். செட்டாப் பெட்டி 10, இன்வெர்ட்டர் 20, ஸ்டெபிலைசரும் குளிரூட்டியும் 11, ரௌட்டர் 8, தொலைக்காட்சி 1, எஞ்சிய சிறு கருவிகள் 8 என்று வைத்தால் 58 வாட். 1.44 ஆல் பெருக்கினால் இரு மாதத்துக்கு 83 யூனிட்டைத் தாண்டுகிறது. 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்தில் 100 யூனிட் விலையின்றி வழங்கத் தமிழக அரசு ஆணையிட்டது. ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள எளிய குடும்பம் அந்த நூறில் தன் இரு மாத வாழ்வை நடத்திவிடுகிறது. மேற்கண்ட வீட்டில் அந்த நூறில் பெரும்பகுதி, யாரும் எதையும் பயன்படுத்தாத வேளையிலேயே கரைந்துவிடுகிறது.

அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது?

மின்சாரம் பல நிலையங்களிலிருந்து வந்து ஒரே கட்டமைப்பில் கலப்பது. இந்த யூனிட் இன்ன இடத்தில் பிறந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் கடலூர் மாவட்டத்தாராகிய நாம் அதன் பிறப்பிடத்தைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக வடமேற்கே சென்றால் நெய்வேலி.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது; 1962இல் சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுடைய அந்த முதல் நிலையம் 2020 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப எழுந்த புதிய நிலையத்தில் 500 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு உள்ளன. தென்னாட்டுக்கு ஒளி கொடுத்த பெருமை நெய்வேலிக்கு உண்டு; அதனைக் குறைத்துச் சொல்வது நன்றியாகாது.

ஆனால் ஒரு யூனிட்டின் விலை ரூபாயில் மட்டும் அடங்குவதில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி நீரே, வெப்பத்திறன் குறைவு. ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிலக்கரி எரிய வேண்டும். நிலக்கரிப் படலத்தின் மேல் ஐம்பது மீட்டர் முதல் நூறு மீட்டர் வரை மண் மூடியிருக்கிறது. ஒரு டன் நிலக்கரியை எடுக்கச் சராசரியாக ஐந்து, ஐந்தரைக் கனமீட்டர் மண்ணை அகழ்ந்து அப்புறப்படுத்த வேண்டும். படலத்துக்குக் கீழே அழுத்தம் மிக்க நிலத்தடி நீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். எனவே இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. சுற்றுப்புற ஊர்களில் கிணற்றுநீர் கீழிறங்கிவிட்டது என்பது உழவர்களின் நெடுநாளைய முறையீடு.

நாம் மேலே கண்ட வீட்டின் வீண்செலவில் 40 வாட் மட்டும் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 350 யூனிட். 350 கிலோ நிலக்கரி. அதன்மேல் மூடியிருந்த மண் ஏறத்தாழ இரண்டு கனமீட்டர். ஒரு வீட்டின் சிவப்பு விளக்குகளுக்காக மட்டும் இவ்வளவு.

2023 ஜூலை மாதம் நிகழ்ந்ததை நம்மில் பலர் செய்தித்தாளில் படித்திருப்பர்; அந்த வழியே சென்றோர் நேரிலும் கண்டிருப்பர். புவனகிரியை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் வளர்ந்து நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே முறைப்படி கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் கூற்று. பயிர் அறுவடைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர் கேள்வி. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது; பயிருக்கு இழப்பீடு வழங்க உத்தரவாயிற்று. வழக்கின் நியாயங்களை இங்கே எடைபோட வேண்டியதில்லை. மின்சாரம் தேவை என்பதால்தான் சுரங்கம் விரிகிறது என்பதும், அந்தத் தேவையில் தேவையல்லாதது எவ்வளவு கலந்துள்ளது என்பதை எவரும் கேட்பதில்லை என்பதும் மட்டுமே இப்பாடத்திற்குரியன.

இவ்விடத்தில் நம் அன்பர்களுக்கு ஒரு நினைவு எழுவது இயல்பு. குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. ‘அனர்த்தம்’ என்பதற்கு இங்கே பயனற்றது என்று பொருள். அதன் வகைகளுள் ஒன்றாகிய பிரமாத சரியையை விளக்கும் இடத்தில் ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளைச் சிதைத்தல் ஆகியவற்றைப் பயனின்றிச் செய்தலைச் சேர்த்துள்ளார். இல்லறத்தார் சமைக்கவும் உழவும் வேண்டியவர். பயனுக்காகச் செய்வது அங்கே பேசப்படவில்லை. அந்த ஐந்தும் ஒருங்கே நிகழும் இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கூடத்திலுள்ள சுவிட்சுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு கம்பி மட்டுமே உள்ளது.

அளந்து பார்த்தல்

கடையில் வாட் அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது. சுவர்ச் செருகியில் பொருத்தி, அதன்மேல் நம் கருவியைச் செருகினால் எண்ணைக் காட்டும். அது இல்லாவிடினும் குறையில்லை. வாசலில் உள்ள மின்மீட்டரே போதும்.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு அவ்வப்போது மின்னுவதைக் காணலாம். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். சில மீட்டர்களில் அது 1600, சிலவற்றில் 3200. இரவு எல்லோரும் படுக்கச் செல்லும் வேளையில், வழக்கம்போல் அனைத்தையும் ‘அணைத்துவிட்டு’, விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்திவிட்டு, குளிர்பதனப் பெட்டியை மட்டும் பத்து நிமிடம் சுவரில் அணைத்துவையுங்கள். கைக்கடிகாரத்துடன் மீட்டரின் முன் நின்று ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னல்வரை எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். ஒரே இடைவெளியை எண்ணுவதினும், பதினொரு மின்னல்களை எண்ணி, மொத்த நேரத்தைப் பத்தால் வகுப்பது நல்லது, பிழை குறையும்.

பிறகு கணக்கு: 36,00,000 என்னும் எண்ணை, மீட்டரில் பொறித்த எண்ணாலும் வினாடிகளாலும் வகுக்க வேண்டும். கிடைப்பது வாட். எடுத்துக்காட்டாக, 3200 என்று பொறித்த மீட்டர் 20 வினாடிக்கு ஒருமுறை மின்னினால் 3200 × 20 = 64,000. 36,00,000 ÷ 64,000 = 56 வாட். 1600 என்று பொறித்த மீட்டர் 45 வினாடிக்கு ஒருமுறை மின்னினால் 50 வாட். அங்கே நின்றுகொண்டே ஒருவரை உள்ளே அனுப்பி, செட்டாப் பெட்டியின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மின்னல்களின் இடைவெளி நீள்வதைக் கண்ணாரக் காணலாம். பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான இயற்பியல் பாடம் இல்லை. அடுத்து ஸ்டெபிலைசர், அடுத்து ரௌட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக் குறித்துக்கொண்டால் எது எவ்வளவு உண்கிறது என்ற பட்டியல் தானே அமைந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மீட்டருக்கு ஒரு கீழெல்லை உண்டு. ஐந்து வாட்டுக்கும் குறைந்த தனிச்சுமையை அது உணராமல் விடலாம். எனவே சிறு கருவிகளைச் சேர்த்தே அளக்க வேண்டும். மற்றொன்று முக்கியமானது. வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும், இன்வெர்ட்டரையும் சேர்த்து, அணைத்த பின்னும் மீட்டர் மின்னிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று கருதலாம். பழைய வீடுகளில், அதிலும் தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் போன்ற உப்புக்காற்று வீசும் பகுதிகளில், சுவருக்குள் ஓடும் பழைய கம்பியின் உறை நைந்து ஈரச்சுவரில் மின்சாரம் கசிவதுண்டு. அது காசு பற்றிய செய்தியன்று, உயிர் பற்றியது. உரிமம் பெற்ற மின்பணியாளரை மறுநாளே அழைத்துக் காட்டுக.

ஊர்தோறும் கூவி விற்கும் ‘மின்சேமிப்புப் பெட்டி’ பற்றியும் ஒரு சொல். சுவரில் செருகிவிட்டால் மின்கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். திறந்து பார்த்தால் ஒரு மின்தேக்கியும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையில் செலவான யூனிட்டையே. மின்தேக்கி அதைக் குறைக்காது. அந்தப் பச்சை விளக்கு எரிவதற்கும் நீங்களே கட்டணம் செலுத்துவீர்கள்.

கட்டணப் படிகள்

எங்கும் ஒரே விலையாயின் யூனிட் குறைந்த அளவுக்கே பணம் குறையும். நம் மாநிலத்தில் கட்டணம் படிப்படியாக அமைந்துள்ளது. 500 யூனிட்டில் ஒரு மதில் நிற்கிறது. கணக்கின் போக்கைக் காண, 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தைக் கொள்வோம். அதன் பின் விகிதங்கள் உயர்ந்துள்ளன. ஆகவே தத்தம் கணக்கை அன்றன்றுள்ள விகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்க.

அவ்விகிதப்படி, இரு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மிகாத வீட்டுக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் ஒன்று ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டினால் இரண்டாம் நூறுக்குரிய சலுகை நீங்கி 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50 ஆகிவிடும், 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ.8. சரியாக 500 யூனிட் எரித்தவர் ரூ.1,725 செலுத்தினார். 501 எரித்தவர் ரூ.1,958 செலுத்தினார். ஒரே ஒரு யூனிட்டின் விலை ரூ.233!

540 யூனிட் எரிக்கும் குடும்பம் ஒன்று காத்திருப்பில் 35 யூனிட்டும், வெந்நீர்க் கொதிகலனைக் காலத்தில் அணைப்பதால் 10 யூனிட்டும் குறைத்து 495க்கு வருவதாகக் கொள்வோம். 540க்குக் கட்டணம் ரூ.2,270, 495க்கு ரூ.1,695. நாற்பத்தைந்து யூனிட்டால் மிஞ்சியது ரூ.575. தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் வாழ்க்கை வசதியில் வேறுபாடு ஒன்றுமில்லை. இருவரும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்க்கின்றனர்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு மின்செலவில் இது முதலிடம் பெறும் பகுதியன்று. நாள் முழுவதும் சுழலும் பழைய கூரை விசிறி 75 வாட் உண்ணும். பிரஷ் இல்லாத மோட்டார் பொருத்திய புதுவகை விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தரும். குளிரூட்டியை 18இல் வைப்பதற்கும் 26இல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. ஆனால் விசிறியை மாற்றப் பணம் வேண்டும். குளிரூட்டியைக் குறைத்தால் வீட்டில் சிலர் முணுமுணுப்பர். காத்திருப்பை நிறுத்துவதால் எவருடைய சுகமும் குறைவதில்லை, காசும் செலவில்லை. இதனை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

பிற நாடுகளில்

1990களில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மேயர் முதலியோர் வீடுகளில் இந்த வீண்செலவை அளந்து காட்டினர். 1999இல் எல்லாக் கருவிகளும் காத்திருப்பில் ஒரு வாட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற திட்டம் உலக அரங்கில் முன்வைக்கப்பட்டது. 2001இல் அமெரிக்க அரசு தன் அலுவலகங்களுக்கு வாங்கும் கருவிகள் அவ்வாறே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் விதி இயற்றி, 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று எல்லை வகுத்தது. தொழிற்சாலைகள் முதலில் முடியாது என்றன. பிறகு சில ரூபாய் மதிப்புள்ள சில்லொன்றை மாற்றி முடித்துவிட்டன. இன்று நாம் வாங்கும் தொலைக்காட்சி காத்திருப்பில் அரை வாட் மட்டும் உண்பதற்கு அந்த விதிகளே பெரும் காரணம். நம் நாட்டிலும் 2002இல் அமைந்த ஆற்றல் திறன் செயலகம் நட்சத்திரக் குறி வழங்குகிறது.

தமிழகத்தில் வீட்டு இணைப்புகள் இரண்டு கோடிக்கு மேல். வீட்டுக்கு 25 வாட் குறைந்தால் இரண்டு கோடி வீட்டில் 500 மெகாவாட். நெய்வேலிப் புதிய நிலையத்தின் ஓர் இயந்திரத்துக்குச் சமம். எல்லா வீட்டிலும் எல்லாக் கருவியும் இல்லை என்பதால் இது ஒரு மேலெல்லைக் கணக்கே. ஆயினும் இந்தச் சுமை இரவிலும் குறையாது, சூரிய ஒளி இல்லாத வேளையிலும் நிலக்கரியைக் கேட்டுக்கொண்டேயிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வெளிநாட்டு நூல்கள் ‘செருகியைப் பிடுங்குக’ என்று சொல்லும். அங்கே பல நாடுகளில் சுவர்ச் செருகிக்குத் தனிச் சுவிட்ச் இல்லை. நம் இல்லங்களில் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் உண்டு. பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. அடிக்கடி பிடுங்கிச் செருகுவதால் துளைகள் தளர்ந்து தீப்பொறி எழும். கடலோரத்தில் துருவும் சேரும். சுவிட்சைத் தட்டுவதே முறை.

நம் இடையூறு வேறு. சுவிட்ச் இருக்கிறது, அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கையெட்டாத சுவிட்சை எந்தக் குடும்பமும் பத்து நாளைக்குமேல் அணைப்பதில்லை. ஆகவே தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, ஒலிபெருக்கி மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரே நீட்டிப் பலகையில் இணைத்து, அப்பலகையைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பது சாலச் சிறந்தது. இரவில் கடைசியாகப் படுக்கச் செல்பவர் யாரோ அவருக்கு இப்பணியை ஒப்படைத்துவிடலாம். பாட்டிமார் உள்ள வீட்டில் இது தவறுவதேயில்லை. அவர்கள் முன்பே எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளிடம் ஏச்சும் வாங்கியிருப்பார்கள். செட்டாப் பெட்டி மீண்டும் உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்பதே பிள்ளைகளின் குறை. செய்தி தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட்டால் அக்குறையும் தீரும்.

குளிரூட்டியை முதலில் ரிமோட்டால் நிறுத்தி, ஓரிரு நிமிடம் கழித்தே சுவிட்சை அணைக்க வேண்டும். ஓடும்பொழுது நேரே அணைத்தல் கம்ப்ரசருக்கு நல்லதன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இடியுடன் வரும்பொழுது, சுவரில் அணைந்திருக்கும் கருவிக்கு மின் அழுத்தம் ஏறி எரிந்துபோகும் அச்சம் பெரிதும் குறைவு. இடி மிகும் நாளில் மட்டும் செருகியையும் ஆண்டெனாக் கம்பியையும் கழற்றிவிடலாம்.

புதிதாக வீடு கட்டுவோர் மின்பணியாளரிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவைக்கலாம். குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர், ரௌட்டர், வாசல் விளக்கு ஆகிய நான்கையும் ஒரு தனி வழியிலும், எஞ்சிய செருகிகளை மற்றொரு வழியிலும் இழுத்து, இரண்டாம் வழிக்கு ஒரு பொதுச் சுவிட்சை வாசற்கதவின் அருகே அமைக்கச் சொல்லுக. கம்பி கூடுதலாகச் சில மீட்டர் ஆகும். சுவர் பூசிய பின் எண்ணினால் பலமடங்கு ஆகும்.

மேல்சித்தாமூர்த் தேர்விழாவுக்கோ, வெளியூர்த் திருமணத்துக்கோ நான்கைந்து நாள் குடும்பத்துடன் புறப்படுவோர், குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்து அணைத்துவிடலாம். இன்வெர்ட்டரை விட்டுவைக்க. மற்ற அனைத்தையும் சுவரில் அணைத்து, வாசலைப் பூட்டுவதற்குமுன் மீட்டரை ஒருமுறை பார்த்து, யூனிட் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். திரும்பி வந்தவுடன் மீண்டும் குறித்தால், ஆளில்லாத வீடு நாளொன்றுக்கு எவ்வளவு உண்டது என்பது தெரியவரும். நாளுக்கு அரை யூனிட் என்றால் இன்வெர்ட்டர் மட்டுமே விழித்திருந்தது என்று கொள்ளலாம். ஒரு யூனிட்டைத் தாண்டினால் எந்த அறையில் எது எரிந்துகொண்டிருந்தது என்று தேடுக.